குழந்தைக்குச் சிறுநீரகக் கல் ஆபரேஷன்: அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

மதுரை அம்மா:
மகனுக்கு ஐந்து வயது. எங்கே வலிக்குது என்றால் தொப்புளைத்தான் காட்டுவான். ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் 18 மி.மீ. கல். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் வாழைத்தண்டுச் சாறுதான் ஞாபகம் வந்தது! வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கலாம்தான். ஆனால் இந்த வயதில் அசையாமல் படுக்க மாட்டான், அதற்கும் மயக்க மருந்து வேண்டும், ஒரே தடவையில் தீராமலும் போகலாம் என்றார் டாக்டர். அதனால் முதுகுப் பக்கம் சின்னத் துளை போட்டு, லேசரில் பொடித்து எடுக்கும் மினி பிசிஎன்எல். உள்ளே விடுகிற சலைனைக்கூட வெதுவெதுப்பாக்கித்தான் விடுவார்களாம், குழந்தை உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும் என்று.

அவனைப் படுத்தி எடுத்தது ஆபரேஷன் இல்லை, அதற்கப்புறம் இருந்த ஸ்டென்ட். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரைக்கும் போகிற மெல்லிய டியூப், இரண்டு முனையும் சுருண்டிருக்கும். ஓடி ஆடினால் சிறுநீர் சிவப்பாகப் போகும். அவசரமாக முட்டும், டவுசரை அவிழ்ப்பதற்குள் நனைந்துவிடும். வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தது நல்லதாயிற்று. அதை எடுக்கவும் மறுபடி மயக்க மருந்துதான்.

கோவை வாசகி:
எடுத்த கல்லை லேபுக்கு அனுப்பினார்களா, கேளுங்கள். எங்கள் பெண்ணுக்கு வந்தது சிஸ்டின் கல், அதாவது சிஸ்டின் என்ற அமினோ அமிலம் சிறுநீரில் அதிகமாகப் போய்ப் படிவதால் வருவது. அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் குறை. நானும் கணவரும் மாமன் மகள், அத்தை மகன். இந்தக் கல் அதிர்வலைக்கு லேசில் உடையாது, எடுத்தாலும் திரும்ப வரும். இப்போது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கப் பொட்டாசியம் சிட்ரேட் சிரப், ராத்திரியும் எழுப்பித் தண்ணீர். சிரப்பைக் கண்டாலே மூஞ்சியைச் சுளிப்பாள். கல் என்றதும் பாலை நிறுத்தச் சொல்லும் பெரியவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. டாக்டர் குறைக்கச் சொன்னது உப்பை. சிப்ஸ், அப்பளம், ஊறுகாய் எல்லாம் அதில் அடக்கம்.

தியேட்டர் நர்ஸ்:
மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்பே சாப்பாடு, மாட்டுப்பால் நிறுத்த வேண்டும், தாய்ப்பால் என்றால் நான்கு மணி நேரம். அழுகிறதே என்று பாட்டி விடியற்காலையில் ஒரு பிஸ்கட் கொடுத்து, கேஸ் தள்ளிப்போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்டென்ட் எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்குங்கள். வலி இல்லையே என்று மாதக்கணக்கில் விட்டால் ஸ்டென்ட் மேலேயே கல் படியும். அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் ஆகிவிடும்.