கோஅசர்வேட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனுப்புநர்: ந., கிளமெண்டி

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் ஏப்ரல் தமிழ்மொழி விழாவை ஒட்டிய அறிவியல் விளக்கப் பலகைகளுக்குத் தமிழ் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடல் உயிரினங்களிலிருந்து கற்ற பொருள்கள் என்பது தலைப்பு. மற்ற சொற்களுக்கு வழி கிடைத்துவிட்டது, கோஅசர்வேட் மட்டும் நிற்கிறது. நீரில் கரைந்திருக்கும் புரதமோ பலபடியோ (சிறு அலகுகள் தொடராக இணைந்த நீண்ட மூலக்கூறு) ஒரு கட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்றில் பலபடி மிகுந்திருக்கிறது, மற்றதில் மிகக் குறைவு. இரண்டுமே நீர்தான், இரண்டுமே ஓடும். பலபடி மிகுந்த பகுதிக்குத்தான் இந்தப் பெயர்.

1929இல் நெதர்லாந்து வேதியியலாளர்கள் புங்கன்பெர்க் தெ யோங்கும் கிரூய்ட்டும் குவியல் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து இதை அமைத்தார்கள். அதை ஒட்டிப் போனால் குவிமம், திரளம் போன்றவை வரும். திரளம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒலிபெயர்ப்பாகவே விட்டால் அந்தச் சொல்லிலிருந்து வினை பிறக்காது, உயர்நிலைப்பள்ளி மாணவர் பலகையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

உங்கள் கருத்து வேண்டும்.

அன்புடன்,
ந.

அனுப்புநர்: ச., ஜூரோங் மேற்கு

வணக்கம் ந. அக்கா.

திரளம் வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். ஆய்வகத்தில் இந்த வேலை கெட்டுப்போனால் கிடைப்பதுதான் திரள். சரியாக வந்ததற்கும் கெட்டதற்கும் ஒரே பெயர் கொடுக்கக் கூடாது.

எதிர் மின்சுமை கொண்ட இரண்டு பலபடிகளைக் கலந்தால் குழாய் பால்போல் கலங்கும். 600 நானோமீட்டரில் ஒளி ஊடுருவலை அளந்தால் கலங்கியது தெரியும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது நீர்மத் துளியா, திண்மத் துகளா என்று அந்த அளவீடு சொல்லாது. ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் 40 மடங்குப் பொருளருகு வில்லையில் பார்க்க வேண்டும். துளிகள் முழு உருண்டையாக இருந்து, இரண்டு தொட்டதும் ஒன்றாகி மறுபடி உருண்டையானால் அது நீர்மம். ஒழுங்கற்ற கிளைகளாக, தொட்டாலும் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றால் வீழ்படிவு. மையவிலக்கியில் சுழற்றினாலும் வேறுபாடு தெரியும்: நீர்மமானால் அடியில் தெளிவான, பாகான அடுக்கு சேரும், வீழ்படிவானால் வெள்ளைக் கட்டி. ஒளிரும் சாயம் ஏற்றிய துளியின் நடுவே லேசரால் ஒரு புள்ளியை வெளுக்கவைத்து, சுற்றியிருக்கும் மூலக்கூறுகள் ஓடிவந்து அந்தப் புள்ளி மறுபடி ஒளிர்கிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதியான சோதனை.

இந்த எல்லை எவ்வளவு மெல்லியது என்பதற்கு, எதிர் மின்சுமை கொண்ட அமினோ அமிலச் சங்கிலிகளான பாலிலைசினும் பாலிகுளூட்டமேட்டும் நல்ல சான்று. இரண்டும் ஒரே கைத்தன்மை (இடக்கை, வலக்கைபோல் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான வடிவங்களில் ஒன்று) உள்ள அமினோ அமிலங்களால் ஆனவையாக இருந்தால், சங்கிலிகள் பீட்டாத் தகடுகளாக அடுக்கிக்கொண்டு திண்மமாகிவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் இடக்கை, வலக்கை அமிலங்கள் கலந்த சங்கிலியாக மாற்றினால் அடுக்கு உருவாகாது, அதே மின்சுமை, அதே நீளம், நீர்மத் துளி கிடைக்கும். 2015இல் வெளியான ஆய்வு இது. ஆகவே நாம் தேடும் சொல்லில் நீர்மம் என்ற குறிப்பு இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

ச.

அனுப்புநர்: ம., ஈசூன்

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி வேதியியல் கண்ணோட்டத்தில் சில. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கூழ்மம், பால்மம், வீழ்படிவு ஆகியவை வேரூன்றிவிட்டன. இங்கே அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளும் தாய்மொழி வகுப்பில் நீர்மம், திண்மம் என்ற இணையை எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். புதிய சொல் இந்த ‘-மம்’ வரிசையில் சேர்ந்தால் தானாகவே இடம்பிடிக்கும்.

எவை வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘திரி’ வேரை எடுக்கக் கூடாது. பால் திரிந்தது என்றால் அது திரும்பி வராது. ச. தம்பி சொல்லும் துளியோ உப்பு போட்டால் மறுபடி கரைந்து தெளியும். ‘பிரிகை’ ஏற்கெனவே கூழ்ம வேதியியலில் பிரிகை நிலைமை, பிரிகை ஊடகம் என்று வேறு வேலையில் இருக்கிறது. எதிர் மின்சுமைகள் இணைவதை வைத்து ‘இணைமம்’ என்றும் நினைத்துப் பார்த்தேன். ஒரே பலபடி தனியாகவும் இப்படிப் பிரியும் என்பதால் அது பாதி இனத்தை வெளியே தள்ளிவிடும்.

என் முன்மொழிவு: செறிமம். பலபடி செறிந்த பகுதி என்று பொருள். செறிமத்துளி, செறிமமாதல், தனிச் செறிமம், கூட்டுச் செறிமம் என்று எல்லாம் அமைகின்றன.

ம.

அனுப்புநர்: பா., உட்லண்ட்ஸ்

வணக்கம்.

செறிமம் எழுத்தில் அழகு. காதில் விழும்போது சிக்கல். நம் பேச்சில் றகரமும் ரகரமும் ஒன்றாகிவிட்டன. ‘செறிமம்’ என்று வானொலியில் சொன்னால் கேட்பவர் செரிமானத்தைத்தான் நினைப்பார். செறிநீர்மம் என்று நீட்டினால் இன்னும் மோசம், செரிமான நீராகிவிடும். வாய்வழி உட்கொள்ளும் நுண்ணுறைகளிலும் இந்தப் பொருள் பயன்படுவதால் குழப்பம் உறுதி.

நுண்ணுறையிடலில் இது பழைய நுட்பம். 1950களில் என்.சி.ஆர் நிறுவனத்தின் கரித்தாள் இல்லாப் படித்தாள் இப்படித்தான் உருவானது, சாய எண்ணெயைச் சுற்றி ஜெலட்டின் உறை. இன்று அதே முறையில் மீன் எண்ணெயையும் நறுமணப் பொருள்களையும் உறையிடுகிறார்கள். செய்முறையை எழுதினால் எந்தக் கட்டத்துக்கு எந்தச் சொல் என்பது தெளியும்.

ஜெலட்டினைக் குளிர்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, 50 பாகை செல்சியசில் கரைத்து 1 விழுக்காட்டுக் கரைசலாக்க வேண்டும். அரபுப் பிசினுக்குத் தனியாக 1 விழுக்காட்டுக் கரைசல். இரண்டையும் அயனி நீக்கிய நீரில்தான் தயாரிக்க வேண்டும், கரைந்த உப்பு மின்சுமைகளை மறைத்துவிடும். எண்ணெயை ஜெலட்டின் கரைசலில் சேர்த்துக் கலக்கி முதலில் பால்மமாக்க வேண்டும். பிறகு 40 முதல் 45 பாகையில் பிசினைச் சேர்த்து, மெதுவாகக் கலக்கியபடியே 10 விழுக்காட்டு அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பி.எச் 4க்கும் 4.5க்கும் இடையே வந்ததும் பிரிவு நடக்கும்: ஜெலட்டின் நேர்மின்சுமை பெற்றிருக்கும், பிசின் எதிர்மின்சுமையை இழந்திருக்காது. துளிகள் எண்ணெய்க் குமிழைச் சுற்றிப் படர்ந்து உறையாகும். பிறகு மெல்ல 10 பாகைக்குக் கீழே குளிர்வித்தால் உறை இறுகும்.

கெடும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. அமிலத்தை ஒரே இடத்தில் ஊற்றினால் அங்கே மட்டும் பி.எச் சரிந்து நார்நாராகத் திரளும். சூடு குறைந்துவிட்டால் துளி உருவாகும் முன்பே ஜெலட்டின் கட்டியாகும். பி.எச் 3.5க்குக் கீழே போனால் பிசினின் மின்சுமை குறைந்து விளைச்சல் விழும். இறுக்கிய பின் நிலைப்படுத்தக் குளூட்டரால்டிகைடு வேதித் தொழிலில் பயன்படுகிறது, உணவுக்கு அது ஆகாது, டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதிதான் வழி.

சிங்கப்பூரில் இதை விற்க நினைப்பவர்கள் முதல் நாளே ஜெலட்டினின் மூலத்தைப் பார்க்க வேண்டும். அமிலமுறை ஜெலட்டின் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து வருவது, ஹலால் சான்றிதழ் கிடைக்காது. மீன் தோல் ஜெலட்டின் மாற்றாகும். ஆனால் காட் போன்ற குளிர்கடல் மீனின் ஜெலட்டின் அறை வெப்பத்தில் இறுகாது, நம் ஊர்ச் சூட்டில் உறை நிற்காது. திலாப்பியா போன்ற வெப்பநீர் மீனின் ஜெலட்டின் இன்னும் உயர்ந்த வெப்பத்தில் இறுகும். நொதிப் படியை எந்த மீனுக்கும் விட்டுவிடக் கூடாது.

சொல்லுக்கு வருகிறேன். அடர் அமிலம், அடர்த்தி எல்லாம் பழகியவை. அடர்மம் என்று வைப்போமா? ரகர றகரத் தொல்லை இல்லை.

பா.

அனுப்புநர்: ச., ஜூரோங் மேற்கு

பா. அண்ணன் எழுதிய செய்முறையிலேயே பால்மம், துளி, உறை, திரள் நான்கும் வந்துவிட்டன. நல்ல உரைகல். ‘அடர்’ எனக்கு உடன்பாடு.

கடல் பக்கத்திலும் உரசிப் பார்க்கலாம். சோத்தோங் (கணவாய்) அலகின் நுனி மிக விறைப்பு, சதைக்குள் புதைந்த அடிப்பகுதி மென்மை. ஈரமான நிலையில் ஹம்போல்ட் கணவாயில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 100 மடங்கு. இடையில் மூட்டு எதுவும் கிடையாது. இது எப்படி உருவாகிறது என்பதை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அலி மிசெரெஸ் குழுவினர் 2015இல் விளக்கினார்கள்: கைட்டின் என்னும் நார்ப்பொருளின் வலைக்குள் புரதம் இத்தகைய அடர்ந்த நீர்மமாக ஊடுருவி, பிறகு குறுக்குப் பிணைப்புகளால் கெட்டிப்படுகிறது. திண்மத் துகளாயிருந்தால் வலைக்குள் புகவே முடியாது. மெல்லிய கரைசலாயிருந்தால் போதிய புரதம் சேராது. பலபடி மிகுதியும் ஓடும் தன்மையும் ஒருங்கே வேண்டும்.

அந்தப் புரதத்தில் திரும்பத் திரும்ப வரும், ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த துண்டைக் குறும் பெப்டைடாக அமைத்து மருந்தேற்றப் பயன்படுத்துகிறார்கள். பெப்டைடை 10 மில்லிமோலார் அசிட்டிக் அமிலத்தில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைத்து வைக்க வேண்டும். ஏற்ற வேண்டிய புரதத்தையோ எம்ஆர்என்ஏவையோ பி.எச் 6.5 முதல் 7 வரையான பாஸ்பேட் தாங்கல் கரைசலில் முதலிலேயே கலந்து, அந்த 9 பங்கில் பெப்டைடு 1 பங்கைச் சேர்த்தால் உடனே துளிகள் தோன்றும், ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் அளவில். பி.எச் போதுமான அளவு ஏறாவிட்டால் ஹிஸ்டிடின்கள் நேர்மின்சுமையோடு ஒன்றையொன்று விலக்கும், துளி பிறக்காது. அப்படியே விட்டுவைத்தால் துளிகள் இணைந்து பெருத்துக் கீழே இறங்கிவிடும், எனவே கலந்தவுடன் செல்களுக்குக் கொடுக்க வேண்டும். 2022இல் வெளியான வடிவத்தில் பெப்டைடின் பக்கச்சங்கிலியில் டைசல்ஃபைடு பிணைப்பு உண்டு. செல்லுக்குள் இயல்பாகவே இருக்கும் குளூட்டாதயோன் என்னும் மூலக்கூறு அதை வெட்டியதும் துளி கலைந்து சரக்கு வெளிவரும். இங்கே இரண்டாவது பலபடியே கிடையாது. ம. ஐயா ‘இணைமம்’ வேண்டாம் என்றது சரியான முடிவு.

மணலை ஒட்டிக் குழாய் கட்டும் கடற்புழுவான மணற்கோட்டைப் புழுவின் பசை, மட்டியின் நூல் ஆகியவையும் இதே குடும்பம். உப்புச் செறிவான கடல்நீர் மின்சுமைகளை மறைக்கும், அப்படியிருக்க பசை எப்படிக் கரையாமல் நிற்கிறது? புழு தன் சுரப்பியில் அமிலத்தன்மையில் பசையை அடர வைத்திருக்கிறது. அது பி.எச் 8 அளவுள்ள கடல்நீரைத் தொட்டதும் ஏறத்தாழ 30 நொடியில் இறுகுகிறது. பிறகு சில மணி நேரத்தில் ஆக்சிஜனேற்றத்தால் தோல்போல் வலுவாகிறது. நீரில் ஓடிப் பரவி, பரப்பை நனைத்து, கலைந்துபோகாமல் நிற்கும் அந்த இடைநிலைக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். அறுவையில் ஈரத் திசுவை ஒட்டும் பசைகளுக்கும் இதுவே முன்மாதிரி.

நீர்ச் சுத்திகரிப்புப் பக்கம் சுருக்கமாக: எதிர் மின்சுமைப் பலபடிகளைச் செறிவான உப்புக் கரைசலில் கரைத்து, படலமாகப் பரப்பி, உப்புக் குறைந்த நீரில் அமிழ்த்தினால் வடிசவ்வு கிடைக்கும். கரிமக் கரைப்பான் தேவையில்லை. முடிவில் கிடைப்பது திண்மம், அதற்குச் சவ்வு என்ற பெயர் போதும்.

ஆனால் ‘அடர்மம்’ என்பதில் நீர்மம் தெரியவில்லை. திண்மமும் அடர்ந்ததுதானே. எழுத்தில் ‘அதர்மம்’ என்று கண் தடுமாறவும் வாய்ப்பிருக்கிறது. முழுதாக அடர்நீர்மம் என்றே வைக்கலாம், தனித் துளிக்கு அடர்துளி.

ச.

அனுப்புநர்: ம., ஈசூன்

அடர்நீர்மம் என்றால் பாதரசம் போன்ற எடைமிக்க நீர்மம் என்று மாணவர் நினைக்கக்கூடும். உண்மையில் இதன் அடர்த்தி நீரைவிடச் சற்றே கூடுதல்தான், மிகுந்திருப்பது பலபடி. இந்தத் தயக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது, பதிவில் நிற்கட்டும். மற்ற எல்லாவற்றையும்விட இதுவே மேல் என்பதில் ஐயமில்லை.

நிகழ்வுக்கு அடர்நீர்மப் பிரிவு என்று சொல்வோம். ‘பிரிவு’ பொதுச்சொல், ‘பிரிகை’யோடு மோதாது. ஒரே பலபடியால் ஆனது தனி அடர்நீர்மம், எதிர் மின்சுமைப் பலபடிகளால் ஆனது கூட்டு அடர்நீர்மம். மேலே நிற்கும் பலபடி குறைந்த பகுதிக்கு ஐதுநீர்மம். ஐது என்பது செறிவின்மைக்கு நல்ல பழஞ்சொல், இலங்கைப் பாடநூல்களில் ஐதான கரைசல் என்று இன்றும் வழங்குகிறது.

செல் உயிரியலில் சவ்வில்லாத் துளிகளுக்கு வழங்கும் பெயரை (கண்டென்சேட்) இதோடு கலக்க வேண்டாம். அவற்றில் சில களியாகவோ திண்மமாகவோ மாறிய பின்னும் அதே பெயரில் வழங்குகின்றன. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

ம.

அனுப்புநர்: ந., கிளமெண்டி

நன்றி. பலகைக்கும் சொற்பட்டியலுக்கும் இப்படி எழுதியிருக்கிறேன். நாளை இரவுக்குள் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அடர்நீர்மம் (பெயர்): நீரில் கரைந்த பலபடியோ புரதமோ தனியாகவோ எதிர் மின்சுமையுள்ள இன்னொன்றோடு சேர்ந்தோ பிரிந்து உருவாக்கும், பலபடி மிகுந்த, ஓடும் தன்மையுள்ள பகுதி. உப்பு, பி.எச், வெப்பம் ஆகியவற்றை மாற்றினால் பெரும்பாலும் மறுபடி கரையும். ‘அடர்’ என்பது பலபடியின் மிகுதியைக் குறிக்கும், எடையை அன்று. வீழ்படிவு, திரள், பால்மம் ஆகியவற்றிலிருந்து வேறானது. ஒலிபெயர்ப்பு: கோஅசர்வேட்.

அடர்துளி: ஐதுநீர்மத்தில் மிதக்கும் அடர்நீர்மத்தின் உருண்டைத் துளி. இரண்டு தொட்டால் ஒன்றாகும்.

‘எடையை அன்று’ என்ற தொடர் ம. ஐயாவின் தயக்கத்துக்காகச் சேர்த்தது. பலகையில் சோத்தோங் அலகின் படத்துக்குக் கீழே: “கைட்டின் வலைக்குள் புரத அடர்நீர்மம் ஊடுருவிக் கெட்டிப்படுகிறது.”

ந.