புதுப்பிப்பு: குளிர்நீர் ஸ்கூபாவுக்கு 7 மி.மீ. வெட்சூட் போதாது

வேலூர், ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா என்ற நீர் நிறைந்த பிளவுக்கு டைவிங் போகிறவர்களுக்கு 7 மி.மீ. வெட்சூட் (தண்ணீர் உள்ளே புகும் ரப்பர் உடை) போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. அங்கே ஆண்டு முழுக்கத் தண்ணீர் 2 முதல் 4 டிகிரிதான், தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட் கட்டாயம். டிரைசூட் சான்றிதழோ அனுபவமோ கேட்பார்கள். புதுச்சேரியில் வாங்கிய ஓப்பன் வாட்டர் அட்டை (அடிப்படை டைவிங் சான்றிதழ்) மட்டும் உதவாது.

நம்ம ஊர் வெயிலுக்குப் போடும் பருத்தி பனியனை உள்ளே போடவே போடாதீர்கள். வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே உடம்போடு ஒட்டிக்கிடக்கும். மெரினோ கம்பளி நல்லது.

அதிகம் கவனிக்க வேண்டியது ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றை மூச்சு இழுக்கும் அளவுக்கு அழுத்தம் குறைத்துத் தரும் கருவி. சிலிண்டர் காற்று அழுத்தம் குறைந்து விரியும்போது கடுமையாகக் குளிரும். வாய்ப்பகுதிக்குள் மூச்சின் ஈரம் பனித்துணுக்காக உறைந்தால், வால்வு மூடாமல் காற்று கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் தண்ணீருக்கு வெளியே அதில் மூச்சு இழுக்காதீர்கள், காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பொத்தானை அழுத்தாதீர்கள். சிலிண்டரோடு சேரும் முதல் நிலைப் பகுதி, நீர் புகாமல் மூடிய டயாஃப்ரம் (சவ்வு) வகையா என்று கேளுங்கள். ரெகுலேட்டரின் மேல் '>10°' என்று பொறித்திருந்தால் அது 10 டிகிரிக்கு மேலான தண்ணீருக்குத்தான், குளிர்நீருக்கு ஆகாது.

டிரைசூட்டின் கழுத்து சீல் (நீர் புகாமல் தடுக்கும் பட்டை) இறுக்கினால் தலை சுற்றும். உடனே சொல்லி மாற்றுங்கள். இறங்கும்போது சூட் உடம்பைக் கவ்வும், சூட்டுக்குள் காற்றைச் சின்னச் சின்னதாக விடுங்கள். மொத்தமாக விட்டால் அது காலுக்கு ஏறித் தலைகீழாகத் தூக்கிவிடும். அப்படி ஆனால் முழங்காலை மடக்கி உருண்டு நிமிருங்கள். எடைக்கல்லும் வெப்பக் கடலில் கட்டுவதைவிடப் பல கிலோ கூடும், கரையோரத்திலேயே சரிபாருங்கள்.