தரையிறங்கும்போது படம் திக்குகிறது: கிராஃபிக்ஸ் கார்டை மாற்றுவதா, வேண்டாமா?

மலைக்கோட்டை_விமானி

வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். ஒரு மாதமாக இதே தொல்லை.

ஓட்டுவது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் மென்பொருள். விமானம், ஃப்ளைபைவயர் குழு இலவசமாகத் தரும் ஏ320. மேலே 35,000 அடியில் நொடிக்கு 40 ஃப்ரேம் (படம்) வருகிறது, குறையே இல்லை. சென்னையை நெருங்கினால் 22-க்கு விழுந்துவிடுகிறது. ஓடுபாதை 07-க்கு நேராக வந்து ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கும்போது படம் திக்க ஆரம்பிக்கிறது. சில நேரம் அரை நொடி அப்படியே நின்றுவிடுகிறது. மறுபடி அசையும்போது ஓடுபாதை ஒரு பக்கமாகப் போயிருக்கிறது.

ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 1080 திரை, 60 ஹெர்ட்ஸ். படத்தரம் எல்லாம் அல்ட்ராவில் (உச்சத்தில்) வைத்திருக்கிறேன். கையில் 35,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வாங்கிய கடையில், கார்டு பழசு, மாற்றிவிடுங்கள் என்கிறார்கள்.

இன்னொன்று. சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் தானாக இடப்பக்கம் இழுக்கிறது. பெடல் கிடையாது, ஜாய்ஸ்டிக்கைத் திருகித்தான் ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை).

கார்முகில்

கடைக்காரர் சொன்னது சரி. 3060 வந்தது 2021 தொடக்கத்தில். அல்ட்ரா மேகம், நிழல், தண்ணீர் பிரதிபலிப்பு எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். நானும் இப்படித்தான் ஆறு மாதம் செட்டிங்கை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டை மாற்றிய அன்றே நிம்மதி. காசு கையில் இருக்கும்போது யோசிக்காதீர்கள்.

கயத்தாறு_காற்றாலை

கார்முகில், உங்களுடையது 4கே திரை என்று முன்பு ஒருமுறை எழுதியிருக்கிறீர்கள். இவருடையது 1080. நான்கில் ஒரு பங்கு புள்ளிகள்தான். உங்களுக்கு நடந்தது இவருக்கு நடக்காது.

மலைக்கோட்டை, ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். ஜெனரல் ஆப்ஷனில் டெவலப்பர் மோடைப் போட்டு, ஃப்ரேம் காட்டும் பெட்டியைத் திறங்கள். "லிமிடெட் பை மெயின்த்ரெட்" (ப்ராசஸர் தடை) என்று இருக்கிறதா, "லிமிடெட் பை ஜிபியு" (கார்டு தடை) என்று இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள். அடுத்து, தரையிறங்கும் அதே இடத்தில் நிறுத்தி, ரெண்டர் ஸ்கேலிங்கை (கார்டு வரையும் படத்தின் புள்ளி அளவு) 100-இலிருந்து 50-க்கு இறக்குங்கள். கார்டுதான் மூச்சு முட்டுகிறது என்றால் ஃப்ரேம் சட்டென்று ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்தக் கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் 35 சதவீதம்தான் ஓடுகிறது என்று பார்த்து ஏமாற வேண்டாம். 3600-இல் ஆறு கோர் (கணக்குப் போடும் மூளை), பன்னிரண்டு த்ரெட் (வேலை வரிசை). ஒரு த்ரெட் முழுதாக நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் எட்டு சதவீதம் சொச்சம்தான் காட்டும். விமானத்தின் ஓட்டம், காக்பிட் கருவிகள், விமான நிலையத்துப் பொருட்கள் என்று பெரும்பாலான வேலை அந்த ஒரே த்ரெட்டின் வரிசையில் வந்து நிற்கிறது. சென்னை மாதிரி நெரிசலான இடத்துக்கு இறங்கும்போது வரிசை நீள்கிறது. மேலே 40, கீழே 22 என்பதே அதைத்தான் சொல்கிறது.

தாம்பரம்_தாத்தா

2006-இல் எஃப்எஸ்எக்ஸ் (இதே சிமுலேட்டரின் பழைய பதிப்பு) வந்தபோதும் இதே சண்டைதான் நடந்தது. ஒரே கோர் வேகமாகிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் அதை எழுதியிருந்தார்கள். ப்ராசஸர்களோ கோர் எண்ணிக்கையில் பெருத்தன. எத்தனையோ பேர் பெரிய கார்டு வாங்கிப் போட்டு, அதே 15 ஃப்ரேமைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தம்பி, கயத்தாறு சொல்கிற சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள்.

வயல்வெளி_வானோடி

ஃப்ரேம் குறைவதும் அரை நொடி நின்றுபோவதும் ஒரே நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நின்றுபோவது இணையத்தாலும் இருக்கலாம், தரைப்படம் ஓடஓட இறங்குகிறதே. டேட்டா பக்கத்தில் பிங் தரைப்படத்தை அணைத்துவிட்டு ஒருமுறை இறங்கிப் பாருங்கள். அப்புறம், எக்ஸ்-ப்ளேன் 12 என்ற வேறு சிமுலேட்டருக்கு இலவச டெமோ இருக்கிறது. தரைப்படம் எல்லாம் உங்கள் டிஸ்கிலேயே இருக்கும். நான் மாறி இரண்டு வருடமாகிறது, திரும்பிப் பார்க்கவில்லை.

மலைக்கோட்டை_விமானி

எல்லாவற்றையும் செய்தேன்.

பெட்டியில் "லிமிடெட் பை மெயின்த்ரெட்" என்று சிவப்பாகவே நிற்கிறது. ரெண்டர் ஸ்கேலிங் 100-இல் 22 ஃப்ரேம், 50-இல் 23. படம் கலங்கியதுதான் மிச்சம். அந்த நேரத்தில் கார்டு 55 சதவீதம்தான் வேலை செய்கிறது. பிங் தரைப்படத்தை அணைத்தபோது நின்றுபோவது கொஞ்சம் குறைந்தது, ஆனால் போகவில்லை.

வானோடி, எக்ஸ்-ப்ளேன் நல்லதாகவே இருக்கட்டும். திருச்சியிலிருந்து கிளம்பி வடக்கே திரும்பினால் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து நடுவில் ஸ்ரீரங்கம் கிடப்பது தெரிகிறது. அதைப் பார்க்கத்தான் இதை வாங்கினேன்.

கார்முகில்

சரி, சோதனையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் ஃப்ரேம் ஜெனரேஷன் இருக்கிறது. ப்ராசஸர் தரும் இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் கார்டே ஒன்றை உருவாக்கிச் செருகும். அதற்கு மெயின் த்ரெட்டிடம் கையேந்த வேண்டியதில்லை. ப்ராசஸர் தடையாக இருக்கும் இந்த சிமுலேட்டருக்கே செய்தது மாதிரியான வசதி. 22 வருவது 40-க்குப் பக்கத்தில் தெரியும். என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

கயத்தாறு_காற்றாலை

கண்ணுக்கு 40 தெரியும், மறுக்கவில்லை. கைக்கு எத்தனை என்பதுதான் என் கேள்வி. செருகிய ஃப்ரேம் உங்கள் ஜாய்ஸ்டிக்கைப் படிப்பதில்லை. அடுத்த உண்மையான ஃப்ரேம் வரும்வரை படத்தைப் பிடித்துவைத்துத்தான் நடுப்படத்தை உருவாக்க முடியும். அதனால் தாமதம் கூடுகிறது, குறைவதில்லை. 60 ஃப்ரேமில் அது உறைக்காது. 22-இல் ஒரு ஃப்ரேமுக்கே 45 மில்லி நொடி ஆகிறது.

ஏ320 இறங்கும்போது நிமிடத்துக்கு 700 அடி வீதம் கீழே வருகிறது என்று வையுங்கள். அரை நொடியில் கிட்டத்தட்ட ஆறு அடி. மூக்கைத் தூக்க ஆரம்பிப்பதே முப்பது அடியில்தான். இவருக்கு வலிக்கிற இடம் அது. மேகத்தை ரசிக்கிற இடத்தில் இவருக்குக் குறையே இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கினால் 8 ஜிபி. இப்போது இவரிடம் இருப்பது 12 ஜிபி. காசும் கொடுத்து நினைவகத்தையும் குறைத்துக்கொள்வதா?

மலைக்கோட்டை, டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் என்ன காட்டுகிறது? சிபியு-இசட் போட்டு, ரேமுக்குப் போகும் பாதை (சேனல்) ஒன்றா இரண்டா என்றும் பாருங்கள்.

மலைக்கோட்டை_விமானி

வேகம் 2133. ரேம் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் 3200 என்று இருக்கிறது. சேனல் ஒன்று!

கயத்தாறு_காற்றாலை

அகப்பட்டுவிட்டது. பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்பு) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் வசதி, போடாமலே கொடுத்திருக்கிறார்கள். இரண்டு ரேமையும் அடுத்தடுத்த ஸ்லாட்டில் செருகியிருக்கிறார்கள். நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும், உங்கள் போர்டு கையேட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள். ரைசனில் உள்ளே தரவு போகும் பாதையின் வேகமும் ரேம் வேகத்தோடு கட்டப்பட்டது. ரேம் நொண்டினால் எல்லாம் நொண்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். பிறகு டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெயிலை (தரைக்காட்சியின் நுணுக்கம்) 200-இலிருந்து 100-க்கு இறக்குங்கள், நிலையத்து வாகனங்களைக் குறையுங்கள். இவை மெயின் த்ரெட்டின் சுமை. மேகம் அல்ட்ராவிலேயே இருக்கட்டும், அது கார்டின் வேலை.

சுக்கான்

எல்லோரும் ஃப்ரேமிலேயே நிற்கிறீர்கள். இடப்பக்கம் இழுக்கிறது என்று முதல் பதிவிலேயே சொன்னாரே, அதை ஒருவரும் தொடவில்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது.

ஒற்றை ப்ரொப்பெல்லர் விமானம் வேகமெடுக்கும்போது இடப்பக்கம் இழுப்பது இயல்பு. இரட்டை ஜெட்டான ஏ320-க்கு அது கிடையாது. காற்று வீசாதபோதும் இழுக்கிறது என்றால் கோளாறு ஜாய்ஸ்டிக்கில்தான். விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஜாய் டாட் சிபிஎல் என்று அடித்து, கையை எடுத்துவிட்டு, ரட்டர் கோடு அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். வேறு கேம்பேட் ஏதாவது செருகியிருந்தால் அதிலும் ரட்டர் ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இழுத்தால் விமானம் யார் பேச்சைக் கேட்கும்?

என் கட்சி இது: 35,000-இல் நல்ல ரட்டர் பெடல் வாங்குங்கள். கால் வேலையைக் கை செய்யும்வரை பக்கக்காற்றில் இறங்கப் பழக முடியாது. 25 ஃப்ரேமில் பெடலோடு நான் இறங்கியிருக்கிறேன். 60 ஃப்ரேமில் திருகு ஜாய்ஸ்டிக்கோடு ஓடுபாதையை விட்டு வெளியேயும் போயிருக்கிறேன்.

கார்முகில்

சுக்கான், திக்குகிற படத்தில் பெடல் வைத்து என்ன செய்வார்? கண் முதலில், கால் பிறகு.

சுக்கான்

கண்ணுக்கான மருந்து காசில்லாமலே கிடைத்துவிட்டதே. ரேமை இடம் மாற்றப் போகிறார். அப்போது அந்தக் காசு எதற்கு?

மலைக்கோட்டை_விமானி

நேற்று சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து முடித்தேன். விவரமாகச் சொல்கிறேன்.

கேபினெட்டைத் திறந்தபோது ப்ராசஸர் கூலரின் தகடுகளுக்கு நடுவே தூசி பஞ்சுபோல் அடைத்திருந்தது. பிரஷ்ஷால் எடுத்தேன். ரேம்கள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு முதல் இரண்டு ஸ்லாட்டில். எடுத்து இரண்டிலும் நான்கிலும் அழுத்தினேன், இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று விழும்வரை. பயாஸில் எக்ஸ்எம்பி போட்டேன். இப்போது 3200, இரட்டைச் சேனல். அதே இடத்தில், அதே வானிலையில் 22 இருந்தது 27 ஆனது. டெரெய்னை 100-க்கு இறக்கி, வாகனங்களைக் குறைத்ததும் 34. தரையில் நின்று பார்க்கும்போது தூரத்துக் கட்டடங்கள் கொஞ்சம் தாமதமாக உருவெடுக்கின்றன, அவ்வளவுதான்.

ஜாய்ஸ்டிக்: கையை எடுத்த பிறகும் ரட்டர் கோடு நடுவுக்கு வராமல் துடித்துக்கொண்டே இருந்தது. அடியில் இருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றி, திருகுத் தண்டுக்குக் கீழே, திருகும் அளவைப் படிக்கும் சின்ன பொட்டென்ஷியோமீட்டரைப் பார்த்தேன். கரித்தடத்தின் நடுவில் மட்டும் தேய்ந்து பளபளப்பாக ஒரு கோடு, அதைச் சுற்றிக் கறுப்புத் தூள். காண்டாக்ட் கிளீனரை அடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முப்பது முறை திருப்பினேன். துடிப்பு முக்கால்வாசி அடங்கியது. மிச்சத்துக்கு 5 சதவீதம் டெட்ஸோன் (நடுவில் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத இடம்) வைத்தேன். இழுப்பது நின்றுவிட்டது.

தாம்பரம்_தாத்தா

நன்று தம்பி. 34 வருகிறது என்பதால் வி-சிங்க் (ஃப்ரேமைத் திரையின் புதுப்பிப்போடு இணைப்பது) போட்டு 30-இல் பூட்டிவிடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு புதுப்பிப்புக்கு நிற்கும். 27-க்கும் 38-க்கும் நடுவில் ஏறி இறங்குவதைவிட ஆடாத 30 கண்ணுக்கு நல்லது.

அந்தப் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்துவிட்டது. கிளீனர் சில மாதம்தான் தாங்கும். அதை மறக்க வேண்டாம்.

கார்முகில்

30-இல் திருப்திப்படச் சொல்கிறீர்கள். நாளைக்கே 1440 திரையோ விஆர் கண்ணாடியோ வாங்க ஆசைப்பட்டால்? அப்போது கார்டுதான் கழுத்தைப் பிடிக்கும். ஒருமுறை செலவழிப்பதைச் சரியாகச் செலவழிக்க வேண்டும் என்றுதான் நான் சொல்லிவந்தேன்.

கயத்தாறு_காற்றாலை

விஆர் வாங்கினால் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அன்று கார்டு வாங்கட்டும். இன்று அவர் உட்காருவது 1080 திரைக்கு முன்னால்.

இன்றைக்கு ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் என் ஓட்டு ரைசன் 7 5700எக்ஸ்3டி ப்ராசஸருக்கு. அதே ஏஎம்4 சாக்கெட், போர்டும் ரேமும் மாற்ற வேண்டாம். 3600-இல் எல்3 கேச் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பி, அதுவும் பதினாறு பதினாறாகப் பிரிந்து கிடக்கிறது. இதில் 96 எம்பி ஒரே இடத்தில். அந்த ஒற்றை த்ரெட் ஓயாமல் ரேமுக்கு ஓடுவது குறையும். கூலர் அதோடு வராது, தனியாக வாங்க வேண்டும்.

சுக்கான்

நான் பெடலிலிருந்து நகரவில்லை. தாத்தா சொன்னதைப் படித்தீர்களா? பொட்டென்ஷியோமீட்டர் போகப் போகிறது. ஹால் சென்சார் வைத்த பெடலில் உரசித் தேயும் தடமே கிடையாது, காந்தத்தைத்தான் படிக்கிறது. பத்து வருடத்தில் ப்ராசஸர் இரண்டு முறை மாறிவிடும், பெடல் அப்படியே இருக்கும்.

மலைக்கோட்டை_விமானி

30-இல் பூட்டி, நேற்று இரவு மறுபடி ஓடுபாதை 07. இருபது அடியில் "ரிட்டார்ட்" என்று இன்ஜின் விசையைக் குறைக்கச் சொல்லும் குரல் வந்தபோது நடுக்கோடு மூக்குக்கு நேரே இருந்தது. ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு கை நடுங்காமல் இறங்கினேன்.

கார்டு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கார்முகில் அண்ணா தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், 1440 திரை வாங்கும்போது உங்களிடம்தான் கேட்பேன். இப்போதைக்குப் பெடல். மிச்சக் காசை எக்ஸ்3டி-க்காக எடுத்துவைக்கிறேன். அதற்கு பயாஸைப் புதுப்பிக்க வேண்டுமாமே, எப்போது செய்வது?

தாம்பரம்_தாத்தா

பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்யுங்கள். புதியதைச் செருகிவிட்டால் பழைய பயாஸுக்கு அதை அடையாளம் தெரியாமல் போகலாம். யுபிஎஸ்ஸில் செருகாமல் தொடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காமலே போய்விடும். பயாஸ் புதுப்பித்தால் எக்ஸ்எம்பி அணைந்து ரேம் மறுபடி 2133-க்குப் போய்விடும், அதைத் திரும்பப் போட வேண்டும்.

மலைக்கோட்டை_விமானி

சரி ஐயா. யுபிஎஸ் பேட்டரி பழசு, ஐந்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. முதலில் அதை மாற்றிவிட்டு பயாஸைத் தொடுகிறேன்.