பாக்கி 20,000, நிரல் காட்டுவது 1,05,000. அவசரம்!

கல்பட்டறை_ஆத்தங்குடி (காலை 10.12)
வணக்கம். மாமாவின் தரைக்கல் பட்டறைக்குக் கணக்கு வைக்க நானே ஒரு நிரல் எழுதினேன். வாடிக்கையாளர், ஆர்டர், வரவு என்று மூன்று டேபிள். மூன்றையும் ஜாயின் செய்து (இணைத்து) பாக்கி எடுத்தால் தொகை கண்டபடி ஏறுகிறது. தலைப்பில் சொன்ன தப்பான தொகையோடு ஒரு வாடிக்கையாளருக்குச் சீட்டு போய்விட்டது, அவர் மாமாவுக்குப் போன் போட்டுவிட்டார். நான் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். என்ன செய்வது?

செக்காலை_நிரலர் (10.20)
எந்த டேட்டாபேஸ்? மைஎஸ்க்யூஎல்லா, ஆக்சஸா, எஸ்க்யூலைட்டா? க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளை) எங்கே? அதைச் சொல்லாவிட்டால் நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

புதுவயல்_பாண்டி (10.24)
இண்டெக்ஸ் போட்டீர்களா? ஆலைக் கணக்கில் எனக்கும் இப்படித்தான் ஒரு தொல்லை வந்தது, இண்டெக்ஸ் போட்டதும் போய்விட்டது.

செக்காலை_நிரலர் (10.26)
இண்டெக்ஸ் போட்டால் வேகம் கூடும் பாண்டி, கூட்டல் மாறாது.

பழைய_பேரேடு (10.41)
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். ரிலேஷன் என்றால் என்னவென்று தெரியாமல் ரிலேஷனல் டேட்டாபேஸில் கை வைப்பது. ரிலேஷனல் டேட்டாபேஸை முன்மொழிந்த காட் 1970இல் எழுதிய கட்டுரையை முதலில் படியுங்கள் தம்பி. நாங்களெல்லாம் டிபேஸ் என்ற பழைய டேட்டாபேஸில் கை ஒடிய எழுதிப் பழகியவர்கள்.

செக்காலை_நிரலர் (10.43)
படிக்கட்டும் அண்ணே. அவர் மாமா வருவதற்குள் முடியுமா என்றுதான் தெரியவில்லை.

கல்பட்டறை_ஆத்தங்குடி (11.05)
மைஎஸ்க்யூஎல். போனில் தட்டுவதால் க்வெரியை ஒட்ட முடியவில்லை, வாயால் சொல்கிறேன். வாடிக்கையாளர் லெஃப்ட் ஜாயின் (இணை இல்லாவிட்டாலும் வாடிக்கையாளரை விடாத ஜாயின்) ஆர்டர், லெஃப்ட் ஜாயின் வரவு, கடைசியில் குரூப் பை போட்டு ஆள் வாரியாகப் பிரித்து இரண்டுக்கும் சம் (கூட்டல்). அந்த ஆளுக்கு ஆர்டர் இரண்டு: வீட்டின் பட்டாலைக்கு (கூடத்துக்கு) 40,000, இரண்டாம் கட்டுக்கு 25,000. வரவு மூன்று: 10,000, 15,000, 20,000.

தேவகோட்டை_கணக்கர் (11.18)
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆர்டரும் வரவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஒரே ஆளைப் பிடித்துத் தொங்குகின்றன. ஒன்றாக ஜாயின் செய்தால் ஒவ்வொரு ஆர்டரும் ஒவ்வொரு வரவோடும் சேரும், 2 × 3 = 6 வரிசை. ஆர்டர் 65,000 மூன்று முறை எண்ணப்பட்டு 1,95,000. வரவு 45,000 இரண்டு முறை எண்ணப்பட்டு 90,000. கழித்துப் பாருங்கள், உங்கள் 1,05,000 வரும். நிரல் தப்பாகக் கூட்டவில்லை, நீங்கள் கேட்டதைக் கொடுத்திருக்கிறது.

ஆர்டரை மட்டும் ஆள் வாரியாகக் கூட்டி ஒரு சப்க்வெரி (க்வெரிக்குள் ஒரு க்வெரி), வரவுக்குத் தனியாக இன்னொன்று. ஆளுக்கு ஒரே வரிசை என்று ஆன பிறகு இரண்டையும் வாடிக்கையாளரோடு லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள். இன்னும் பணமே கட்டாத ஆளுக்கு வரவு நல் (வெற்று) என்று வரும், கழித்தால் பாக்கியும் நல் ஆகிவிடும். கோயலெஸ் (COALESCE) போட்டு அதை 0 ஆக்குங்கள்.

புதுவயல்_பாண்டி (11.22)
எதற்கு இவ்வளவு சுற்று? சம்முக்குள் டிஸ்டிங்க்ட் போட்டால் ஒரே வரியில் முடிந்தது.

தேவகோட்டை_கணக்கர் (11.25)
ஒருவர் 10,000, 10,000 என்று இரண்டு தவணை கட்டினால்? டிஸ்டிங்க்ட் அதை ஒரே 10,000 ஆக எடுக்கும். அப்புறம் அவர் பட்டறை வாசலில் வந்து நிற்பார்.

கல்பட்டறை_ஆத்தங்குடி (11.52)
20,000 வந்துவிட்டது!! ஆனால் ராமநாதன் என்பவர் கணக்கில் அவர் கட்டாத பணமும் வரவாக இருக்கிறது. வரவு டேபிளில் ஐடி வைக்கவில்லை, பெயரை வைத்துத்தான் ஜாயின். அதனால் இருக்குமோ?

செக்காலை_நிரலர் (11.54)
பெயரை வைத்தா! இந்தச் செட்டிநாட்டுப் பக்கத்திலா! தாத்தா பெயரைத்தானே பேரனுக்கு வைக்கிறார்கள். ஒரு தெருவில் எத்தனை ராமநாதன் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

பழைய_பேரேடு (12.03)
விலாசத்தைச் சாவியாக (ஆளைப் பிரித்துக் காட்டும் அடையாளமாக) வைத்தால் தீர்ந்தது. செட்டிமார் வீடுகளில் பெயருக்கு முன்னால் முன்னோர் பெயரின் முதல் எழுத்துகளை விலாசம் என்று வரிசையாகப் போடுவது எதற்கு? அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து வந்த கணக்கே விலாசத்தை வைத்துத்தான் நின்றது.

செக்காலை_நிரலர் (12.06)
கூடப் பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே விலாசம் அண்ணே. பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பெயரின் முதல் எழுத்து ஒன்றாக இருந்து, இருவர் மகனுக்கும் தாத்தா பெயரை வைத்துவிட்டால் விலாசமும் காப்பாற்றாது.

புதுவயல்_பாண்டி (12.08)
போன் நம்பரை வையுங்கள்.

தேவகோட்டை_கணக்கர் (12.15)
எங்கள் வீட்டில் ஆச்சி நம்பரைத்தான் நாலு பேர் கொடுக்கிறோம். பழைய பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம், தினசரி வரவு எழுதும் சிட்டையில் அந்தப் பக்க எண். அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது, அதனால்தான் அது மாறவே இல்லை. ஐடியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. கல் வாங்குவது வீடு, பணம் கட்டுவது பங்காளிகள். ஒருவர் சென்னையிலிருந்து போடுவார், இன்னொருவர் சிங்கப்பூரிலிருந்து. ஆகவே வரவை ஆர்டர் ஐடியோடு கட்டுங்கள், ஃபாரின் கீ (ஆர்டர் டேபிளில் இல்லாத ஐடியை ஏற்காத கட்டுப்பாடு) போடுங்கள். கட்டியவர் யார் என்பது டேபிளில் தனி நெடுவரிசை.

பழைய_பேரேடு (12.20)
நானும் அதைத்தான் சொன்னேன்.

செக்காலை_நிரலர் (12.21)
எங்கே சொன்னீர்கள்?

பழைய_பேரேடு (12.34)
விலாசம் என்றாலே வீடுதானே? படித்துப் புரிந்துகொள்ளப் பொறுமை வேண்டும்.

கல்பட்டறை_ஆத்தங்குடி (பிற்பகல் 3.40)
ஃபாரின் கீ சேர்த்தால் ஏற்க மாட்டேன் என்கிறது. வரவில் ஆர்டரே இல்லாத வரிசைகள் கிடக்கின்றன போல. சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மாமா வந்துவிட்டார், அப்புறம் வருகிறேன். கணக்கர் அக்காவுக்கு நன்றி.

தேவகோட்டை_கணக்கர் (3.44)
அக்கா இல்லை, அண்ணன்.

புதுவயல்_பாண்டி (மாலை 6.10)
தம்பி, கல் சதுர அடி என்ன விலை? முகப்புக்கு மட்டும் போட வேண்டும்.