பெரியப்பாவின் வம்சாவளிக் கோப்பு

பெரியப்பா: பென் டிரைவில் கொண்டுவந்த வம்சாவளி வேர்டு கோப்பு திறக்க மறுக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

அத்தை: பெயரின் கடைசியில் ‘டாக்ஸ்’ என்பதை ‘பிடிஎஃப்’ என்று மாற்றிப் பாருங்கள் அண்ணா.

அண்ணன்: ஐயோ, வேண்டாம் அத்தை! சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா?

நான்: பெரியப்பா, முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சோதனையெல்லாம் அந்த நகலில்தான். பிறகு அதன் அளவு என்னவென்று பாருங்கள்.

பெரியப்பா: 162 பைட்.

நான்: பெயரின் தொடக்கத்தில் ஓர் அலைக்குறியும் டாலர் குறியும் இருக்கின்றனவா?

பெரியப்பா: ஆமாம். கெட்டுப்போனதற்கு அடையாளம் என்று நினைத்தேன்.

நான்: அது உங்கள் கோப்பே இல்லை. ஆவணத்தை யார் திறந்துவைத்திருக்கிறார் என்று குறித்துக்கொள்ள வேர்டு தானாக உண்டாக்கும் துணைக்கோப்பு. ஆவணத்தை மூடினால் மறைந்துவிட வேண்டும், சில நேரம் தங்கிவிடும். பக்கத்தில் பெரியதாக ஒன்று இருக்கிறதா பாருங்கள்.

பெரியப்பா: இருக்கிறது, 38 எம்பி. அதைத் தொட்டாலும் ‘சேதமடைந்துள்ளது’ என்று அதே பல்லவி.

அப்பா: நகலெடுத்து முடியும் முன்பே பென் டிரைவைப் பிடுங்கிவிட்டீர்களா அண்ணா?

பெரியப்பா: விசாரணை அப்புறம் தம்பி, இப்போது வைத்தியம் சொல். பழைய கணினியை வேறு துடைத்துக் கொடுத்தாகிவிட்டது.

அண்ணன்: நோட்பேடில் திறந்து, முதல் இரண்டு எழுத்து என்ன என்று சொல்லுங்கள். எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

பெரியப்பா: ஆங்கிலத்தில் பி, கே. அப்புறம் ஒன்றும் புரியாத குறிகள்.

அண்ணன்: நல்லது. ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் ஜிப் முறையை 1989இல் கொண்டுவந்தவர். டாக்ஸ் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம்தான். வேர்டு 2007இலிருந்து அப்படி.

அத்தை: நான் பதிவிறக்கிய ஒரு பிடிஎஃப் திறக்கவில்லை. அதை நோட்பேடில் பார்த்தால் ‘எச்டிஎம்எல்’ என்று தொடங்குகிறதே?

நான்: பிடிஎஃப் என்ற பெயரில் வந்திருப்பது வலைப்பக்கம் அத்தை. பெரும்பாலும் அந்தத் தளத்தின் உள்நுழைவுப் பக்கமாக இருக்கும். உள்நுழைந்துவிட்டு மறுபடி பதிவிறக்குங்கள்.

நான்: பெரியப்பா, வேர்டில் ‘திற’ பொத்தானை ஒட்டிய சிறு அம்புக்குறியை அழுத்தினால் ‘திறந்து சரிசெய்’ வரும்.

பெரியப்பா: அதுவும் கைவிரித்துவிட்டது.

அண்ணன்: அப்படியானால் நகலின் கடைசிப் பெயரை ‘ஜிப்’ என்று மாற்றுங்கள்.

அத்தை: நான் பெயரை மாற்றச் சொன்னபோது மட்டும் ஐயோ என்றாயே!

அண்ணன்: இங்கே உள்ளே இருப்பது நிஜமாகவே ஜிப் அத்தை! பெரியப்பா, விண்டோஸில் திறந்தால் செல்லாது என்று சொல்லும். ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில் இருக்கும், உங்களுடையதில் அந்த வால்தான் அறுந்திருக்க வேண்டும். 7-ஜிப் நிரலில் திறந்து, வந்தவரை பிரித்தெடுங்கள். எழுத்தெல்லாம் ‘வேர்டு’ என்ற கோப்புறைக்குள் ‘டாகுமெண்ட்’ என்ற கோப்பில் இருக்கும். வழக்கமாக அது முன்னாலேயே எழுதப்பட்டுவிடும். படங்கள் ‘மீடியா’ கோப்புறையில்.

பெரியப்பா: வந்துவிட்டது! அடைப்புக்குறிகளுக்கு நடுவே என் தாத்தாவின் பெயர் தெரிகிறது. கல்யாணக் குழுப்படம்தான் மேல்பாதியோடு நிற்கிறது.

அத்தை: அது என்னிடம் இருக்கிறது அண்ணா. இப்போதே அனுப்புகிறேன்.

நான்: ‘ஆவணம்’ என்று தேர்ந்து அனுப்புங்கள் அத்தை. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும்.