முடிவு ஒருவர் கையில், பாடு இன்னொருவர் தலையில்

உட்லண்ட்ஸிலிருந்து:

சிங்கப்பூரில் இடதுசாரி வாசிப்பு வட்டம் ஒன்றில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்துவிட்டு இயந்திரப் பராமரிப்பு வேலைக்குப் போனவன் நான். அம்மா உணவங்காடி நிலையத்தில் மேசை துடைத்தவர். எங்கள் வட்டம் கூடியது, வசதியானவர்கள் வாழும் புக்கிட் தீமா பக்கத்தில் ஒரு கொண்டோமினியத்தின் பொதுக்கூடத்தில். வாடகை இல்லை, குளிர்சாதனம் உண்டு, அங்கே குடியிருந்த தோழரின் தாயார் சில நாள்களில் பலகாரம்கூடக் கொடுத்தனுப்புவார். அதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. கூட்டம் நடந்த விதம்தான் உறுத்தியது.

வாக்கெடுப்பு வேண்டாம், எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசித்தான் முடிவெடுப்போம் என்று விதி வைத்திருந்தார்கள். காதுக்கு இனிமையான விதி. ஆனால் ஏழரைக்குத் தொடங்கிய பேச்சு பத்தரையைத் தாண்டியும் ஓயாது. மறுநாள் காலை ஏழு மணி ஷிஃப்டுக்குப் போக வேண்டிய நானும், தாதியாக வேலை பார்த்த ஒரு தோழியும், உணவு விநியோகம் செய்துவந்த ஒரு தம்பியும், ரயிலையும் அதற்கப்புறம் பிடிக்க வேண்டிய பேருந்தையும் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவோம். கிராப் வாடகைக் கார் பிடித்து வீடு போகக்கூடியவர்கள் மட்டும் மிஞ்சிய பிறகு, எல்லாரும் ஒத்துக்கொண்ட முடிவு பிறக்கும். காலையில் வாட்ஸ்அப்பில் அதைப் படித்துவிட்டு மாற்றுக் கருத்துச் சொன்னால், "இதை நேற்றே கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே" என்பார்கள்.

2023-இல் வெளிநாட்டு ஊழியர்களை லாரியின் பின்புறத்தில் ஏற்றிச் செல்வதைத் தடை செய்ய வேண்டும் என்ற பேச்சு மறுபடியும் சூடுபிடித்தபோது இந்தப் பிணக்கு முற்றியது. தடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மேலே கூரையும் பக்கத்தில் கம்பியும் பொருத்திவிட்டால் சரக்குத் தட்டு இருக்கையாகிவிடாது. வட்டம் எடுத்த முடிவோ, ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊழியர்கள் கூடும் தேக்காவுக்குப் போய் ஊழியர்களையே சொந்தப் பெயரோடு கேமரா முன் பேச வைப்பது. வேலை அனுமதியை முதலாளி எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்பதும், ஊருக்குத் திரும்பினால் ஏஜெண்டுக்காக வாங்கிய கடன் வாசலில் நிற்கும் என்பதும் அந்த அறையில் யாருக்கும் தெரியாதவை அல்ல. தெரிந்துகொண்டே, "அச்சத்தை உடைக்காமல் இயக்கம் வளராது" என்றார் ஒருவர். யாருடைய அச்சத்தை என்று கேட்டேன். என்னைச் சீர்திருத்தவாதி என்றார்கள். அந்த வட்டத்தில் அது வசைச்சொல். 2012-இல் வேலைநிறுத்தம் செய்த, சீனாவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர்களை அவர்கள் வியந்து பேசாத நாள் கிடையாது. அந்த ஓட்டுநர்களில் 29 பேர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள், ஐவர் சிறைக்குப் போனார்கள். வியந்து பேசிய எங்கள் நண்பர்களுக்கு மறுநாள் வழக்கம்போல் விரிவுரை இருந்தது.

தெம்பனிஸிலிருந்து:

நானும் இப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்தவள்தான், ஆனால் உட்லண்ட்ஸ் நண்பருக்கு எதிர்வரிசையில். அப்பா வழக்கறிஞர், எனக்கு நல்ல பள்ளியும் வெளிநாட்டுப் பட்டமும் கிடைத்தன. இதை நான் எங்கும் மறைத்ததில்லை. சம்பளம் தராமல் இழுத்தடித்த ஒரு நிறுவனத்திலிருந்து வெளியேறிய சிலருக்கு எங்கள் குழு உதவிக்கொண்டிருந்தது. வேலையை விட்டவர் ஆறு மாதத்துக்குள் சம்பளக் கோரிக்கையைப் பதிய வேண்டும் என்பதால், முதலில் அதை முடித்துவிடுவோம், அறிக்கையும் கண்டனமும் பிறகு எழுதலாம் என்றேன். "சட்டத்தை நம்புவது உங்கள் வர்க்கத்துக்கு வந்த வியாதி, வசதியானவர்கள் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்" என்று பதில் வந்தது. சொன்னவரும் என்னைப் போல வசதியான தனியார் வீட்டில் வளர்ந்து பல்கலைக்கழகம் முடித்தவர்தான். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியதை மட்டும் கூட்டம் தவறாமல் நினைவூட்டுவார். தாத்தாவின் முதுகுவலியைப் பேரன் பதக்கமாகக் குத்திக்கொண்டு வருவதை நான் அங்கேதான் பார்த்தேன். கெடு நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், எங்களில் யார் அதிக வசதியானவர் என்ற விசாரணையில் ஒரு மாலைப்பொழுது கழிந்தது. படிவங்களை நிரப்பியது, யாரிடமும் கேட்காமல், நானும் இன்னொரு தோழியும்.

இங்குள்ள இடதுசாரி வரலாற்றிலும் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 1953-இல் பல்கலைக்கழக சோஷலிஸ்ட் கழகத்தைத் தொடங்கியவர்கள் மாணவர்கள். அவர்களின் 'ஃபஜார்' இதழுக்காக 1954-இல் தேசநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு விடுதலையான எட்டுப் பேரில் ஜேம்ஸ் புதுச்சேரியும் ஒருவர். அதே கழகத்திலிருந்து வந்த வுட்ஹல் செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளர் சங்கத்தில் இறங்கி வேலை செய்தார். இருவருமே 1956-இலும், 1963-இல் இடதுசாரிகளைக் கூண்டோடு கைது செய்த கோல்ட்ஸ்டோர் நடவடிக்கையிலும் பிடித்து வைக்கப்பட்டார்கள். தொழிலாளிக்கு வந்த துன்பத்தில் அவர்களுக்கும் பங்கிருந்தது. கேமரா யோசனை சொன்னவரிடம் உட்லண்ட்ஸ் நண்பர் கேட்டிருக்க வேண்டியதும் அந்தப் பங்கைப் பற்றித்தான் என்பேன். அவர் வீடு எந்தப் பேட்டையில் இருக்கிறது என்பதால் எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

துவாஸிலிருந்து:

இருவர் எழுதியதையும் விடுதியில் படுத்துக்கொண்டே படித்தேன். நான் கட்டுமான வேலைக்கு வந்தவன். ஹோங் லிம் பூங்காவில் நடக்கும் கண்டனக் கூட்டத்தில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்பதால், எங்களுக்காக நடக்கும் கூட்டத்தையும் நாங்கள் கைத்தொலைபேசியில்தான் பார்க்க முடியும். எங்கள் ஒவ்வொருவருக்கும் அரசுக்கு 5,000 வெள்ளிக்குப் பிணை எழுதிக் கொடுத்திருக்கும் முதலாளி, நாங்கள் எங்கே போகிறோம், யாரோடு பேசுகிறோம் என்பதில் ஒரு கண் வைத்திருப்பார்.

தொழிலாளி என்ன நினைக்கிறார் என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். என் அறையில் இருப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்துக் கிடையாது. வந்து பல ஆண்டுகளாகி, கடனை அடைத்து, ஊரில் வீடும் கட்டிவிட்ட ஓர் அண்ணன் கேமரா முன் பேசத் தயாராக இருந்தார். போன வருடம் வந்த பையனோ, அவர் பேசினால் கம்பெனி முழுவதையும் சந்தேகப்படுவார்கள் என்று அவரிடம் கெஞ்சினான். இருவருக்கும் ஒரே லாரிதான், ஒரே சம்பளம் இல்லை. அண்ணன் சூப்பர்வைசர்.

எங்களிடம் வந்த ஒரு குழு வேறு மாதிரி நடந்துகொண்டது. ஞாயிறு மதியம் தேக்காவில் சந்தித்து, நாங்கள் சமைக்கத் திரும்பும் நேரத்துக்குள் பேச்சை முடித்தார்கள். யாருக்காவது வேலை போனால் சாப்பாட்டுக்கும் தங்க இடத்துக்கும் என்ன ஏற்பாடு என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே, சேர்த்து வைத்திருந்த தொகையைச் சொன்னார்கள். பையனின் பயத்துக்காக அண்ணனின் முகத்தையும் கம்பெனிப் பெயரையும் காட்டாமல், குரலை மட்டும் பதிவு செய்தார்கள். தங்களுக்கு அது முழுத் திருப்தி இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. என்னிடமும் கேட்டார்கள், என் கடன் அடுத்த ஆண்டு முடிகிறது, அப்போது வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.