பொறியியல் மாணவருக்கு சமூக அறிவியலைக் கிரெடிட்டோடு கட்டாயமாக்கலாமா?

நொய்யல்:
அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, பாலினம், அரசியல், தேசக் கட்டுமானம் போன்ற பாடங்கள் உள்ள பட்டியலிலிருந்து மாணவர்கள் கட்டாயப் பாடம் எடுக்க வேண்டும். வாரம் மூன்று மணி நேரம், ஆனால் கிரெடிட் (பட்டத்துக்கான கணக்கில் சேரும் புள்ளி) பூஜ்யம். அப்புறம் யார் அக்கறையாகப் படிப்பார்கள்? மூன்று கிரெடிட் கொடுத்து, பருவத் தேர்வும் வைக்க வேண்டும் என்பது என் வாதம்.

இசிஇ மூன்றாமாண்டு:
தயவுசெய்து வேண்டாம் அண்ணா. எங்கள் மின்னணுவியல்-தகவல்தொடர்பு (இசிஇ) பிரிவில் இருக்கிற தாள், லேப், ரெக்கார்டுக்கே நேரம் போதவில்லை. என் வகுப்பில் பலர் வீட்டிலேயே முதலில் கல்லூரிக்கு வந்தவர்கள். ஓர் அரியர் இருந்தாலும் பல நிறுவனங்கள் நேர்காணலுக்குக் கூப்பிடுவதில்லை. சமூக அறிவியல்தான் பத்தாம் வகுப்பு வரை படித்தோமே.

நொய்யல்:
தம்பி, அது போதாது. சிவில் மாணவர் பாதாளச் சாக்கடைக்குக் குழாய்ச் சரிவு, நீரின் வேகம், மேன்ஹோல் இடைவெளி எல்லாம் கணக்குப் போடுகிறார். அடைத்துக்கொண்டால் உள்ளே யாரை இறக்குகிறார்கள்? ஏன் தலைமுறை தலைமுறையாக அதே சாதியினரை? பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்த பிறகும் சாவு நிற்கவில்லையே, ஏன்? வடிவமைக்கிறவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

சாக்பீஸ்:
இந்தப் பாடத்தை ஒரு தனியார் கல்லூரியில் நடத்துகிறவன் நான். படித்தது மெக்கானிக்கல். பாடவேளை குறைவாக இருந்ததால் என்னிடம் கொடுத்தார்கள். தேர்வு நெருங்கினால் இந்த மணி நேரத்தையும் வேறு தாளுக்கு எடுத்துக்கொள்வார்கள். ஐஐடி மெட்ராஸில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. எங்களிடம் சமூகவியல் படித்தவர் ஒருவர்கூட இல்லை. இந்த நிலையில் கிரெடிட்டைக் கூட்டினால் வினா-விடைக் கையேடு விற்கும், வேறொன்றும் நடக்காது.

ஏரிக்கரை:
சாக்பீஸ் சார் சொல்வது சரி. ஆனாலும் கிரெடிட் இருந்தால் வகுப்பு நடக்கிறது. 'தமிழரும் தொழில்நுட்பமும்' தாளுக்கு ஒரு கிரெடிட். அதில் சோழர் காலக் குமிழித் தூம்பு, அதாவது ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு, வருகிறது. நீரோடித் துளை வழியே தண்ணீரும் சேறோடித் துளை வழியே வண்டலும் வெளியேறும் விதத்தைப் படம் போட்டு விளக்கினால் பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள். என் வருத்தம் வேறு. பாடம் தூம்போடு நின்றுவிடுகிறது. ஏரியை யார் நிர்வகித்தார்கள் என்றும் கேட்க வேண்டாமா? உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், அதாவது ஏரியைக் கவனிக்கும் ஊர்க் குழு, இருக்கிறது. நிலமில்லாதவருக்கு அந்த வாரியங்களில் இடமில்லை என்பதும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது. பெருமையோடு இதையும் சொல்லித் தந்தால்தான் அது சமூக அறிவியல்.

இசிஇ மூன்றாமாண்டு:
இப்படி நடத்தினால் நானும் உட்கார்ந்து கேட்பேன். ஆனால் தனித் தாள் எதற்கு? சாக்கடை விஷயத்தைச் சாக்கடை வடிவமைப்புத் தாளிலேயே ஓர் அலகாக வைக்கலாமே.

நொய்யல்:
வைத்தால் சிவில் மாணவர் மட்டும்தான் படிப்பார். நாளைக்கு முகமறியும் கேமராவுக்கு மென்பொருள் எழுதப்போவது நீங்கள். அது யாரைக் கண்காணிக்கிறது என்று எந்தத் தாளில் படிப்பீர்கள்?

இசிஇ மூன்றாமாண்டு:
படத்தைக் கணினி எப்படி அலசுகிறது என்று சொல்லித்தரும் தாளிலேயே அதையும் படித்துக்கொள்கிறோம். சொல்லித்தரத் தெரிந்தவரை முதலில் வேலைக்கு எடுக்கட்டும். அதைச் செய்யாமல் எங்கள் தலையில் மூன்று கிரெடிட்டை ஏற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.